ஒத்திகை இல்லாத படகு

மரத்தில் கப்பல் மாதிரி செய்யக் கிளம்பும் எவருக்கும், அதில் ஊறியவர்கள் சொல்லும் முதல் அறிவுரை ஒன்றுதான்: பெரிய கப்பலில் கை வைக்காதீர்கள், சின்னப் படகில் தொடங்குங்கள். நல்ல அறிவுரை. 1805-ல் டிராஃபல்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைச் சுமந்த ‘விக்டரி’ கப்பலின் கிட்டை ஆசைப்பட்டு வாங்கி, அதன் மூன்று அடுக்குப் பீரங்கிகளையும் பாய்மரங்களுக்கிடையே ஓட வேண்டிய நூற்றுக்கணக்கான கயிறுகளையும் வரைபடத்தில் பார்த்து மலைத்து, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டவர்கள் உண்டு. அந்தப் பெட்டி பெரும்பாலும் கீழே இறங்குவதில்லை.

அந்த அறிவுரையில் ஒரே ஓர் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. சின்னப் படகு பழகுவதற்கு, நிஜமான கப்பல் பிறகு என்று அது சொல்லாமல் சொல்கிறது. கப்பல் செய்வதில் மட்டும் இப்படி நினைத்தால் பரவாயில்லை. பல பேர் ஆயுளையே இந்தக் கணக்கில் ஓட்டுகிறோம் என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

எனக்கு வந்த கிட், பாஸ்டன் பக்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. டோரி என்னும் மீன்பிடிப் படகு. நிஜப் படகில் 24-ல் ஒரு பங்கு. செய்து முடித்தால் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வரும். பெட்டிக்குள் பாஸ்வுட் என்ற வெளிறிய மென்மரத்தின் மெல்லிய தகடுகள், அவற்றில் லேசரால் வெட்டிய துண்டுகள், கொஞ்சம் நூல், வரைபடம். பாய்மரம் கிடையாது, பீரங்கி கிடையாது. நான் கேட்டது கப்பல் என்பதால் அவனுக்குச் சங்கடம். “இது சும்மா பழகுறதுக்கு சித்தப்பா. இதை முடிங்க, அடுத்த தடவை விக்டரியே கொண்டாந்துடறேன்” என்றான். அன்பாகச் சொன்னதுதான். படகு செய்த நாளெல்லாம் அந்தப் பேச்சுக்கு நான் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டோரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்றங்கரையில் ஏம்ஸ்பரி என்று ஓர் ஊர். அங்கே 1793-ல் சிமியன் லோவல் தொடங்கிய படகுப் பட்டறை இன்றும் இயங்குகிறது. டோரி கட்டுவதைப் பெரும் தொழிலாக வளர்த்தது அந்தக் குடும்பம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்கூனர் எனப்படும் பாய்க்கப்பல்கள் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல்மேட்டுக்குக் காட் மீனும் ஹாலிபட் மீனும் தேடிப் போயின. ஸ்கூனர் ஆட்களையும் படகுகளையும் அங்கே கொண்டு சேர்க்கும். மீன் பிடிப்பது டோரி. விடிந்ததும் டோரிகளைக் கடலில் இறக்குவார்கள், பெரும்பாலும் படகுக்கு இரண்டு பேர். நூற்றுக்கணக்கான தூண்டில் முட்கள் கட்டிய நெடுங்கயிற்றைத் தொட்டியிலிருந்து கடலில் விட்டு, பிறகு கையால் இழுத்து, மாட்டிய மீனை நிரப்பிக்கொண்டு துடுப்புப் போட்டுத் தாய்க்கப்பலுக்குத் திரும்புவார்கள்.

அந்த வேலைக்காகவே அமைந்த உருவம் அது. அடிப்பக்கம் தட்டை, பக்கங்கள் வெளியே சரிந்து விரியும். அகலமான சில பலகைகளிலேயே பக்கம் முடிந்துவிடுவதால் செலவு குறைவு, சீக்கிரம் கட்டலாம். 1911-ல் மட்டும் லோவல் பட்டறையிலிருந்து 2000-க்கும் மேற்பட்ட படகுகள் வெளியே போயின. உட்காரும் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டால் ஒரு டோரிக்குள் இன்னொரு டோரி இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இடம் போதாத மேல்தளத்தில் ஐந்தாறு படகுகள் ஒரே அடுக்காக நிற்கும். காலியாக இருக்கும்போது டோரி ஆடும். பழக்கம் இல்லாதவர் எழுந்து நின்றால் கவிழ்த்துவிடும். மீன் ஏற ஏற அதற்கு நிதானம் வரும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் அதை அடைக்க ஒரு கட்டையும் உண்டு. அந்தக் கட்டையின் வெளிப்பக்கத்தில் ஒரு கயிற்று வளையம் இருக்கும். படகு கவிழ்ந்துவிட்டால் வழுக்குகிற தட்டை அடியில் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லை, அந்த வளையத்தைத்தான் மனிதன் பிடித்துத் தொங்க வேண்டும். அலங்காரத்துக்கென்று ஓர் அங்குலம்கூட இல்லாத படகு இது.

இனி என் மேசைக்கு வருகிறேன். பெரிய கப்பல் கிட்டுகள் பலவற்றில் உடம்புக்கு இரண்டு உறை. முதலில் மலிவான மரப் பட்டைகளை விலாச் சட்டங்கள்மேல் ஒட்டி, சந்துகளைப் புட்டி வைத்து நிரப்பித் தேய்ப்பார்கள். அதன்மேல் வால்நட் போன்ற நல்ல மரத்தில் மெல்லிய இரண்டாம் உறை. முதல் உறை எப்படி இருந்தாலும் இரண்டாவது மூடிவிடும். டோரிக்கு அந்த வசதி கிடையாது. ஒரே உறை, அதுவும் மேலே திறந்த படகு. ஒவ்வொரு பலகையின் உள்முகமும் வெளிமுகமும் பார்ப்பவர் கண்ணில் படும். பழகுவதற்கென்று கையில் கொடுக்கிற படகில்தான் மூடி மறைக்க எதுவுமே இல்லை. எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் பட்டது.

லேசர் வெட்டிய ஓரங்கள் கருகிப் பழுப்பாக இருக்கும். அந்தக் கருகலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால்தான் பசை பிடிக்கும். அடுத்தது விலாச் சட்டங்களின் வெளி ஓரத்தைச் சரிவாகச் சீவுவது. படகு முன்முனையான அணியத்தை நோக்கிக் குறுகும் இடத்தில் பலகை சாய்ந்து வந்து உட்காரும். சட்டத்தின் ஓரம் சதுரமாகவே இருந்தால் பலகை ஒரு விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். எவ்வளவு சீவ வேண்டும் என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மெல்லிய மரச் சிம்பு ஒன்றை எல்லாச் சட்டங்கள்மேலும் வளைத்துப் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். சிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே வேலை பாக்கி. இரண்டு இழுப்பு தேய்த்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தால் கீற்று மெலிந்திருக்கும். இன்னும் இரண்டு இழுப்பு. கொஞ்ச நாளில் கண்ணுக்கு முன்னால் விரல் அறிந்துகொள்கிறது. மரம் மரத்தோடு முழுசாகப் படிகிற அந்த நொடியில், சிம்பை அழுத்தியிருக்கும் கட்டைவிரலுக்கு ஒரு சீரான எதிர்ப்பு கிடைக்கும், தொட்டவுடனே தெரிந்துவிடும்.

பக்கப் பலகை மேசைமேல் தட்டையாகக் கிடக்கும்போது கோணலாக, இழுத்துவிட்ட வில்லாக இருக்கும். இது எப்படிப் பொருந்தப் போகிறது என்று நம்பிக்கையே வராது. வெந்நீரில் ஊறவைத்து, சட்டங்கள்மேல் சுற்றி, துணி மாட்டும் கிளிப்புகளால் இறுக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில் பார்த்தால், அணியத்திலிருந்து பின்பக்கம்வரை சிக்கல் இல்லாத ஒரே கோடாக ஓடுகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்லிவிடுவார்கள். கண்ணெதிரே நடக்கும்போது வரும் சந்தோஷம் விளக்கத்தில் வராது. இரண்டாம் பலகை முதல் பலகையின் விளிம்புமேல் சற்று ஏறி உட்கார வேண்டும். அணியத்தை நெருங்கும்போது அந்த ஏற்றம் படிப்படியாகத் தேய்ந்து, இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். மாதிரியில் இதெல்லாம் ஓர் அங்குலத்துக்குள் நடக்க வேண்டிய காரியம். அந்த ஓர் அங்குலத்தில் ஒரு முழு மாலைப்பொழுது போகும். போனது தெரியாது. அந்த நேரத்தில் எதற்காகவும் நான் என்னைத் தயார் செய்துகொண்டிருக்கவில்லை.

நம் வீடுகளில் வாழ்க்கை எப்போதுமே அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பத்தாவது மட்டும் கஷ்டப்பட்டுப் படித்துவிடு என்கிறோம். அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் நல்ல காலேஜ், கேம்பஸ் இன்டர்வியூ, அப்புறம் செட்டில் ஆக வேண்டும். வேலை கிடைத்தால் கல்யாணம் ஆகட்டும், கல்யாணம் ஆனால் வீடு கட்டட்டும், வீடு கட்டினால் கடன் அடையட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருஷம் வாடகை வீட்டில் இருந்தார். வாசலில் நல்ல மண். ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கவில்லை. “சொந்த வீட்டுல வச்சுக்கலாம்” என்பார். அவர் மனைவி, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளைப் பிரிக்காமலே பீரோமேல் வைத்திருந்தார். அந்த வீட்டில்தான் அவர்கள் பிள்ளைகள் இருவரும் தவழ்ந்தார்கள், பேசினார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது பெரியவன் ஹாஸ்டலில் இருந்தான். சின்னவள் அடுத்த வருஷம் கிளம்பினாள். இப்போது கறிவேப்பிலை செழித்து நிற்கிறது. தட்டுகளில் இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இந்தத் தள்ளிப்போடல் பேராசையில் வருவதில்லை. பயத்தில் வருகிறது, பொறுப்பில் வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் வறுமையைப் பார்த்த குடும்பங்களில், இன்று என்பது நாளைக்காகச் செலவழிக்க வேண்டிய பொருள். அப்படிச் செலவழித்தவர்களின் தோள்மேல் ஏறித்தான் என் போன்றவர்கள் மேசை விளக்கின் கீழே பொம்மைப் படகு செய்யும் நிலைக்கு வந்திருக்கிறோம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் தேவை தீர்ந்த பிறகும் பழக்கம் விடுவதில்லை. பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறோம். பதினைந்து வயதுப் பையனிடம் இப்போது நீ வாழ்வது கணக்கில் வராது, பிறகு வரப்போவதுதான் வாழ்க்கை என்று தினமும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அவன் நம்பிவிடுகிறான்.

அப்படியானால் பழக்கமே வேண்டாமா, சரளி வரிசை பாடாமல் கீர்த்தனைக்குப் போக முடியுமா என்று கேட்கலாம். முடியாது. எனக்கும் இரண்டாவது பலகை முதல் பலகையைவிட நன்றாகத்தான் வந்தது. ஆனால் கற்றுக்கொள்வது வேறு, ஒத்திகை பார்ப்பது வேறு. கற்றுக்கொள்கிறவருக்குத் திறமை குறைவாக இருக்கலாம். கவனத்தில் அவர் மிச்சம் பிடிப்பதில்லை. ஒத்திகை பார்க்கிறவர் கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார், நிஜம் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று. சுருதியோடு மனம் ஒன்றி ஒரு சிறுமி சரளி வரிசை பாடுவதைத் தெருவில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் சங்கீதத்துக்கு ஒரு குறையும் இல்லை. சிம்புக்கு அடியில் கீற்று தெரிகிறது, பழகுகிற படகுதானே போகட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? விக்டரி செய்யும்போது கண்டிப்பாகச் சரிசெய்வோம் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்கு நாம் பழகியது விட்டுவிடுவதை. அந்தப் பழக்கம்தான் பெரிய கப்பலுக்கும் நம்மோடு வரும்.

பெரிய கப்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் ஒரு பாய்க்கப்பல் இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்கில் 1921-ல் கடலில் இறங்கிய புளூநோஸ் என்ற ஸ்கூனரோடு அந்தப் படத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். பந்தயங்களில் பேர் வாங்கிய கப்பல், மாதிரி செய்பவர்கள் ஆசைப்படும் கப்பல். அதுவும் மீன்பிடிக்கப் போனதுதான். அதன் மேல்தளத்திலும் டோரிகள் அடுக்கியிருந்தன. மாதிரியில் அவை விரல் நீளம்கூட இல்லாத உதிரிகள், கடைசியில் ஒட்டுவது. கப்பலுக்கு வந்த மீன் அந்த உதிரிகளில்தான் வந்தது.

உயிர்கள் போனதும் அவற்றில்தான். வடக்கிலிருந்து இறங்கும் லாப்ரடார் குளிர்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கல்ஃப் நீரோட்டமும் கிராண்ட் பேங்க்ஸ் பக்கம் சந்திக்கின்றன. அதனால் அங்கே மூடுபனி ஓயாது. தாய்க்கப்பலை விட்டுத் தள்ளிப் போன நேரத்தில் பனி இறங்கினால் திசை போய்விடும். வின்ஸ்லோ ஹோமர் 1885-ல் வரைந்த ‘பனி எச்சரிக்கை’ ஓவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டோரியில் ஒருவர் தனியாக இருக்கிறார், காலடியில் பெரிய ஹாலிபட் மீன். துடுப்புகளைப் பிடித்தபடியே தலையைத் திருப்பி, தொலைவில் நிற்கும் தாய்க்கப்பலையும் அதன் பின்னால் எழும் பனித்திரையையும் பார்க்கிறார். அதன் அச்சுப்படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்துத்தான் நான் வேலை செய்தேன். குறுக்குப் பலகை எந்த உயரத்தில் இருந்தால் முழங்கால் எப்படி மடியும் என்பதை அந்த மனிதரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஹோவர்டு பிளாக்பர்ன் கதை இன்னும் கடுமையானது. 1883 ஜனவரியில், மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்து ஸ்கூனர் ஒன்றிலிருந்து அவரும் தோழர் டாம் வெல்ச்சும் டோரியில் இறங்கினார்கள். பனிப்புயல் வந்து தாய்க்கப்பலைத் தவறவிட்டார்கள். பிளாக்பர்னின் கையுறைகள் கடலில் போய்விட்டன. விரல்கள் உறையத் தொடங்கியதும் அவர் ஒரு காரியம் செய்தார். துடுப்பின் பிடியைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடித்து, அதே வடிவத்தில் உறையவிட்டார். உணர்வு போனாலும் துடுப்பை மாட்டிக்கொள்ளக் கை இருக்க வேண்டுமே. வெல்ச் படகிலேயே இறந்துபோனார். பிளாக்பர்ன் அந்த உடலோடு நாள்கணக்காகத் துடுப்புப் போட்டு நியூஃபவுண்ட்லாந்துக் கரையை அடைந்தார். கட்டைவிரல்களில் பாதி தவிர, கைவிரல்கள் எல்லாமே போயின. விரல் இல்லாத அந்தக் கைகளோடு, 1899-லும் 1901-லும் சின்னப் பாய்ப்படகுகளில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தார். குளோஸ்டர் நினைவிடத்தில் கடலில் போன 5000-க்கும் மேற்பட்ட மீனவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு, தீக்குச்சிப் பருமனில் துடுப்பைச் செதுக்க உட்கார்ந்தேன். பிடிக்கும் இடத்தை உருட்டித் தேய்க்கும்போது, ‘சும்மா பழகுறதுக்கு’ என்ற பேச்சுக்கு என்னிடம் இருந்த கொஞ்சநஞ்ச இடமும் போய்விட்டது. அந்த மனிதர்களுக்கு டோரி, ஸ்கூனருக்குப் போகும் வழியில் ஒரு படி அல்ல. அவர்களுடைய முழு நாளும் அதில்தான் இருந்தது.

முழுசாகக் கட்டிய சின்னது எங்கேயெல்லாம் போகும் என்பதற்கு அதே குளோஸ்டரில் இன்னொரு சாட்சி உண்டு. 1876-ல் ஆல்ஃபிரட் ஜான்சன் என்ற மீனவர், 20 அடி டோரிக்கு மேல்தளம் போட்டுப் பாய் கட்டி, குளோஸ்டரிலிருந்து தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டி வேல்ஸ் கரை சேர்ந்தார். மீன் பிடிக்கப் பிறந்த உருவம்தான் அந்தக் கடலைத் தாங்கியது. இதே குளோஸ்டருக்கு நம் பக்கத்திலிருந்தும் ஒரு கப்பல் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய், 1938-ல் குளோஸ்டரில் சேர்த்தார்கள். கட்டியவர்களின் கண் முன்னால் அட்லாண்டிக் இருந்திருக்காது. அன்றாடச் சரக்குக்கு வேண்டியதைக் குறைவில்லாமல் செய்தார்கள், அது அங்கேயும் போதுமானதாக இருந்தது. வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

போன வாரம் வீடியோவில் அண்ணன் மகனிடம் படகைக் காட்டினேன். வெளிப்பக்கம் வெளிர்மஞ்சள், மேல் விளிம்பில் பச்சை. திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னான், கயிற்று வளையத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னான். பிறகு, “அப்போ அடுத்தது விக்டரிதானே சித்தப்பா?” என்றான்.

“அடுத்ததும் டோரிதான்டா.”

“இதேயா? திரும்பவுமா?”

இதேதான். குறுக்குப் பலகைகளை நான் ஒட்டவில்லை, கழற்றுகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஒன்றுக்குள் இன்னொன்று இறங்குவதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். துண்டுகளைத் தகட்டிலிருந்து பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் உருவத்தையும் தாளில் எடுத்து வைத்திருந்தேன். அதனால் இரண்டாவதற்குக் கிட் தேவையில்லை. எங்கள் தெரு ஆசாரி மலைவேம்பில் தகடு சீவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை மெல்லிசாக வேண்டும் என்று அவர் கேட்டதற்குக் கிட்டில் மிஞ்சிய ஒரு துண்டைக் கொடுத்தேன். நகத்தால் கீறிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதுக்கு இழைப்புளியைப் புதுசா தீட்டணும், வெள்ளிக்கிழமை வாங்க” என்றார். கனம் ஒரு மயிரிழை கூடினாலும் உள்படகு பாதியிலேயே நின்றுவிடும் என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகன் இரண்டு புட்டி மஞ்சள் பெயின்ட் அனுப்புகிறானாம்.